கதவோரப் பையைக் கண்டுபிடித்தவளுக்கு

போன வாரம் தபாலில் ஏதோ ஒரு ஆய்வு நிறுவனத்தின் கடிதம் வந்தது. தடித்த தாள், பொன்னிற எழுத்து. கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இவ்வளவு நல்ல தாளில் யாரும் சும்மா எழுதுவதில்லை. மக்களின் பயத்தை அளக்க நாம் கண்ட புதுமையான முறைக்கு விருதாம். கண்டது நீ. நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது.

சுனாமிக்குப் பிறகு வாவிக்கரை வீட்டுத்திட்டத்தில் நாம் வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பப் போனோமே, பயமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லோரும் சரியான பயம் என்றார்கள். படிவம் வந்தால் பின்னால் நிவாரணம் வரும் என்று நம்பிய காலம். யுத்தம் முடிந்து கரடியனாற்றுப் பக்கம் அதே கேள்வியோடு போனோம். ஒரு வீடு விடாமல் பயமே இல்லை என்றார்கள். பின்னால் வேறு யாரும் வந்துவிடுவார்களோ என்று நடுங்கிய காலம்.

நீ பேனையை மூடினாய். "பேப்பரக் கண்டா சனம் வேற கதைதான் சொல்லும் கா. கதவுக்குப் பின்னால பாரு."

அங்கே ஆணியில் ஒரு பை தொங்கியது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், ஒரு மாற்றுடுப்பு. ஓட வேண்டி வந்தால் கையோடு எடுக்க. அதன் பிறகு தண்ணீர் கேட்கிற சாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்தாய். பை தொங்கினால் படிவத்தின் மூலையில் ஒரு புள்ளி. பத்திரங்கள் அலுமாரிக்குள் போயிருந்தால் புள்ளி இல்லை. மேலதிகாரி சிரித்தார். செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ அழுதாய். "என்ட பேர் ஒரு புத்தகத்திலயாவது வரணும் கா."

இப்போது அந்த விருதுப் புத்தகத்தில் வரும். ஆனால் சரிபார்க்க என்னிடம் இருக்கும் மூலப் படிவங்களை அனுப்ப வேண்டுமாம். அவற்றில் கிராமம், வீட்டு இலக்கம், குடும்பத் தலைவரின் பெயர், ஓரத்தில் உன் புள்ளி. பயந்த வீடுகளின் முழுப் பட்டியல் அது. யார் கைக்குப் போகும் என்று தொலைபேசியில் கேட்டேன். மிகவும் மரியாதையாகச் சமாளித்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

படிவங்களைக் கறையான் தின்றுவிட்டதென்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் உன் பெயரை அழித்தவள் நான்தான். மன்னித்துக்கொள்.

உன் மகளுக்கும் விருதுச் செய்தி போயிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் வந்தாள். "அம்மாட பேர் வருமா சின்னம்மா?" வராது என்றேன். ஏன் என்று கேட்டாள். படிவங்கள் பக்கத்து அறைக் கட்டிலுக்கடியில் கிடக்க, அவளிடமும் கறையான் கதையைத்தான் சொன்னேன். உன் பிள்ளையைக்கூட என்னால் நம்ப முடியவில்லை.