படித்ததும் அழிக்கும் அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

சலவைக்கூடத்துல மெஷின் சுத்துற நேரத்துல செயலியில நாவல் எழுதுறேன்ல, அதுல தினம் ஒரு அத்தியாயம் காணாமப் போச்சு. ஆடிப்போயிட்டேன். பழைய நகல் இருக்கு, கவலைப்படாதீங்க. அப்புறம்தான் உறைச்சுது: உங்ககிட்ட விட்டுட்டு வந்த என் பழைய போன்லயும் அதே செயலி, என் கணக்குலயே திறந்திருக்கு. வர்ற குறுஞ்செய்தியை அழிக்கிற மாதிரியே, அத்தியாயத்தையும் படிச்சதும் அழிக்கிறீங்க! "கதை சோறு போடுமா"ன்னு கேட்டவர்தானே நீங்க?

அம்மா இறந்த அத்தியாயம் வந்ததும் நின்னுடுச்சு. மூணு நாளா எதுவும் அழியலை. கூப்பிட்டாலும் எடுக்கலை.

அதனால இந்தக் கடிதத்தை அதுக்கு அடுத்த அத்தியாயமா வைக்கிறேன். கண்ணாடியை மாத்துங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. இனி எதையும் அழிக்காதீங்க.

இதை மட்டும் படிச்சதும் அழிச்சிடுங்கப்பா. எப்ப மறையும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்.