ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் குடும்பம்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். உன் அப்பா நலம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். வீட்டுச் சாமான்களுக்குத்தான் உடம்பு சரியில்லை. உங்கள் நலத்தை மருமகள் போனில் சொல்லிவிடுகிறாள், ஆனாலும் உன் கையால் இரண்டு வரி வந்தால் நீ ஒன்றும் தேய்ந்துபோக மாட்டாய்.

நாலு மாதம் முன்பு நீ வந்திருந்தபோது, "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா, இனிமே கார் ஓட்டாதீங்க" என்றாய், அவர் "எனக்கே பாடம் எடுக்கிறியா" என்று கத்தினார், அன்று நின்ற பேச்சு இன்னும் நின்றபடியே இருக்கிறது. நீ ஊருக்குப் போன மறுநாளே நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலிங்பெல்லைக் கழற்றினார். இப்போது எங்கள் வாசலில் அமுக்கினால் மாடி வீட்டில் அடிக்கிறது, அங்கிருக்கும் தையல்காரம்மா எங்களுக்கு வருகிறவர்களையெல்லாம் வரவேற்றே களைத்துவிட்டார். அடுத்தது மிக்ஸி, அது இப்போது மூன்றாவது வேகத்தில் மட்டும்தான் ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சுகிறது. கேட்டால், "அது கம்பெனிக்காரன் தெரியாம அதிகமாப் போட்டது" என்கிறார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு இந்த மாதம் முழுக்க சர்க்கரையை உடைக்கிற நொதிகளோடுதான் குடித்தனம். ஒவ்வொரு நொதியும் சில நூறு மணிகள் கோத்த மாலை, மணி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் பெயர். ஈஸ்ட்டுடையது, மீனுடையது, நம்முடையது என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஆரம்பமும் ஒட்டாது, முடிவும் ஒட்டாது, நடுவில் ஆளுக்கொரு திசை. ஐந்தே ஐந்து இடங்களில் மட்டும் எல்லா வரிசையிலும் அதே எழுத்து அசையாமல் நிற்கும். சர்க்கரை வந்து உட்கார்ந்து உடைபடுகிற இடம் அது, அங்கே எழுத்து மாறினால் வேலை கெட்டுவிடும், அதனால் கோடி வருஷம் போனாலும் மாறுவதில்லை. புதிதாக வந்த ஒரு பாக்டீரியாவின் வரிசையைப் பார்த்துவிட்டு என்னோடு வேலை செய்கிற பெண், "இது இந்தக் குடும்பமே இல்ல மேடம்" என்று அடித்துச் சொன்னாள். அந்த ஐந்து இடங்களிலும் அதே எழுத்து இருப்பதைக் காட்டினேன். சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தோம், சாயங்காலத்துக்குள் துடைத்துத் தின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் மருமகள் கூப்பிட்டு, "அத்தை, நல்லா ஓடிட்டிருந்த வாஷிங் மெஷினை இவர் கழட்டிப் போட்டுட்டார்" என்றாள். எப்போது என்று கேட்டேன். அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ போன் செய்யாமல் இருந்தாயே, அதற்கு மறுநாளாம். போனை வைத்ததும் ஒரு தாளில் தாத்தா, பெரியப்பா, அப்பா, நீ என்று நாலு வரிசை எழுதினேன். தாத்தா குள்ளம், நீ பனைமரம். பெரியப்பா பாடுவார், அப்பா பாடினால் கதவைச் சாத்துவோம். எதுவுமே ஒட்டவில்லை, மூன்று இடங்களைத் தவிர: கத்துவது, பேச்சை நிறுத்துவது, ஸ்க்ரூடிரைவரை எடுப்பது. தாத்தா தண்ணீர் பம்பைப் பிரித்தார், பெரியப்பா ரேடியோவை. 'மன்னித்துவிடு' என்பது நாலு வரிசையிலும் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது.

அதனால் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போவதில்லை, கல்லில் நார் உரிக்க எனக்கு நேரமில்லை. ஆனால் ஒரு விஷயம். நீ போனதிலிருந்து அவர் காரைத் தொடவே இல்லை. போன வாரம் தனியாக பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. பதினெட்டாம் தேதி காலை வலது கண்ணில் ஆபரேஷன். "அவன்கிட்டச் சொல்லாதே" என்றார், சொல்லிவிட்டேன். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அவர் பயப்படுகிறார், அதைப் பார்த்து எனக்கும் பயமாக இருக்கிறது. பதினேழாம் தேதி சாயங்காலம் கூப்பிட்டு, ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது, எங்கே போடுவது என்று மட்டும் கேள். மிஞ்சாமலா இருக்கும்!

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக, நல்ல துவைத்த துணி உடுத்தி நன்றாக இருங்கள். தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. மருமகளோடு நான் பேசியது உன் அப்பா காதில் விழுந்திருக்கிறது. கவரை ஒட்டப் போனபோது, "இதையும் உள்ளே வை" என்று மடித்த ஒரு தாளை நீட்டினார். எந்தப் பாகம் எங்கே என்று குறித்த வாஷிங் மெஷின் படம். கோடெல்லாம் கோணல், எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அன்புள்ள என்றும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அடியில் மட்டும் மூன்று தடவை கோடு போட்டு எழுதியிருக்கிறார்: "முதல்ல பிளக்கைப் பிடுங்கு. ஷாக் அடிக்கும். பத்திரம்."