சுகிர்தாவின் பையில் போன ஃபியூஸ் கட்டைகள்

அனுப்புநர்:
ஞா. ஜாஸ்பர்,
மெயின்டனன்ஸ் ஃபிட்டர்,
சாந்தி நகர், பாளையங்கோட்டை.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்,
திருநெல்வேலி.

பொருள்: என் உயிரைக் காத்த எலக்ட்ரீசியன் சுகிர்தாவின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். புகார் மனு என்றாலும் இதை நிம்மதியோடுதான் எழுதுகிறேன். காரணம் கீழே உள்ளது.

1. நூற்பாலை ஒன்றில் (பெயர், முகவரி இணைப்பில்) எந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஆள் உள்ளே இறங்கும் முன், அந்த எந்திரத்துக்கு மின்சாரம் போகும் ஃபியூஸ் கட்டைகளை எலக்ட்ரீசியன் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். உள்ளே போனவர் வெளியே வந்து, தம் வாயால் கேட்டால்தான் திருப்பித் தருவார். இது எங்களுக்குள் உள்ள வழக்கம். இதில் சுகிர்தா மகா கஞ்சம்; மேனேஜரே கேட்டாலும் கட்டை வராது. அதற்காக நாங்கள் அவரைச் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

2. கடந்த வெள்ளிக்கிழமை, பஞ்சைப் பிரிக்கும் எந்திரத்தில் பேரிங் மாற்ற நான் உள்ளே படுத்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சுகிர்தாவுக்கு போன் வந்தது. நான் உள்ளே இருப்பதைச் சூப்பர்வைசர் திரு. மந்திரமூர்த்தியிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கட்டைகள் அவர் பையிலேயே போயின. மந்திரமூர்த்தி அப்போது போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால், சொன்னது காதில் ஏறவில்லை.

3. வேலை முடிந்துவிட்டதாக நினைத்து அவர் பட்டனை அழுத்தினார். எந்திரம் ஓடவில்லை. கட்டைகளைக் காணாமல், கோபத்தோடு சுகிர்தாவை போனில் பிடித்தார். அவர் சொன்ன பதில் இதுதான்: “ஜாஸ்பர் அண்ணன் வெளிய வந்தாச்சான்னு பாருங்க சார். பொறவு கட்டையக் கேளுங்க.” அதன் பிறகே எல்லோரும் ஓடிவந்தார்கள். நான் ஒன்றும் அறியாமல், கழல மறுத்த பேரிங்கைத் திட்டிக்கொண்டு கிடந்தேன். என் இரண்டு கைகளும் உருளையின் இரும்புப் பற்களுக்கு நடுவில் இருந்தன.

4. மந்திரமூர்த்தி கெட்டவர் அல்லர். அவர் எனக்குக் கொடுத்த தண்ணீரில் பாதி அவர் சட்டையிலேயே சிந்தியது. வீட்டில் என் மனைவி தேவமணி ஒரு பாட்டம் அழுதுவிட்டு, கறி எடுத்துவரச் சொன்னாள். அன்று சாப்பிட்டதுபோல் நான் என்றும் சாப்பிட்டதில்லை.

5. மறுநாளே, ஆலை உடைமையை அனுமதியின்றி வெளியே கொண்டுபோய் உற்பத்தியை நிறுத்தியதாகச் சுகிர்தாவைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். இனி ஃபியூஸ் கட்டைகளைச் சூப்பர்வைசர் மேசையில் வைக்க வேண்டும் என்றும் உத்தரவு. ஐயா, அன்று அவை மேசையில் இருந்திருந்தால் எடுத்து மாட்டியிருப்பார்கள். எனக்குப் பதிலாக என் மனைவிதான் தங்களுக்கு மனு எழுதியிருப்பாள்.

ஆகவே, தாங்கள் நேரில் விசாரித்து, சுகிர்தாவை மீண்டும் பணியில் சேர்க்கவும், அந்த மேசை உத்தரவை நீக்கவும், எந்திரத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் மெயின் சுவிட்சில் போடச் சொந்தப் பூட்டும் சாவியும் வழங்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதே எந்திரத்தில் இன்னொரு பேரிங் பாக்கி இருக்கிறது. சுகிர்தா வந்து கட்டைகளைப் பிடுங்கிய பிறகே உள்ளே இறங்குவேன் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்காக எனக்கும் மெமோ வருமாம். வரட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள எனக்குக் கை இருக்கிறது.

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 12.08.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஞா. ஜாஸ்பர்