இது பேச வேண்டும்

குப்பம்,
14 மார்ச் 2010

பிரியமுள்ள சுமித்ராவுக்கு,

உன் தமிழரசு எழுதிக்கொள்வது. குவைத்தில் இப்போதே வெயில் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். அந்த வார்த்தையில் கை நின்றுவிடுகிறது.

வெள்ளிக்கிழமை நீ போன் செய்து, இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். கையெழுத்துப் போடு என்று சொன்னேன். போனை வைத்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு. வீட்டுக்கு வந்தால் கடைக்கே போய்விடலாம் போல இருக்கிறது. காரணமில்லாமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தேன். போனில் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கிறேன்.

முதலில் கடைச் செய்தி. நெட் பார்க்க வருகிறவர்களின் பென்டிரைவில் வந்த வைரஸ் எல்லாக் கம்ப்யூட்டரையும் கெடுத்துவிட்டது. துடைத்துப் போட்டால் மறு வாரமே திரும்ப வந்தது. அலுத்துப்போய், இனி வைரஸ் சுலபத்தில் அண்டாத லினக்ஸ் சிஸ்டம்தான் என்று முடிவு செய்து, பெங்களூரிலிருந்து உன் தம்பி கோபியை வரவழைத்தேன். ஒரு கட்டு சி.டி. கொண்டு வந்தான். லினக்ஸ் என்றால் ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தேன். அதில் எத்தனையோ வகை இருக்கிறது, எல்லாமே இலவசம். எது நல்லது என்று கேட்டதற்கு, "எந்த மிஷின்ல இன்னா வேல செய்யப் போற, அத்த சொல்லு மாமா. அப்பால எதுன்னு பாக்கலாம்" என்றான்.

நெட் பார்க்கும் கம்ப்யூட்டர்கள் பழசு, மெமரி குறைவு. அவற்றுக்கு லேசான ஒன்றைப் போட்டோம்; இப்போது திணறாமல் ஓடுகின்றன. டைப்பிங் கம்ப்யூட்டர் வேறு மாதிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அடிக்க வேண்டும், பிரிண்டர் நடுவில் நிற்கக் கூடாது. அதற்கு டெபியன் என்ற வகை. புதுசு புதுசாக எதுவும் காட்டாது, ஆனால் அடிக்கடி மாறாது, நம்பலாம் என்றான். பழைய பைல்களில் தெலுங்கு எழுத்தெல்லாம் கிறுக்கலாக வந்து, அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ராமகுப்பத்திலிருந்து ரங்கையா வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை. நான் அடித்துக் கொடுத்ததில் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய், மாப்பிள்ளை வீட்டு ஊர் வரியே இல்லை. "இத்த எப்டிப்பா சம்மந்தி கையில குடுப்பேன்? நீ ஒரு தபா பாக்கலயா?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. புது சிஸ்டம் எழுத்தை முழுங்கிவிடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். கோபி உட்கார்ந்து வேறு அடித்துக் கொடுத்தான்.

அவர் போன பிறகு கோபி என் பைலைத் திறந்து பார்த்தான். "மிஷின் மேல தப்பு இல்ல மாமா. நீ அடிச்சதே இப்டித்தான் கீது" என்றான். பைலை மூடிவிட்டு, "காலையில வாசல்ல பக்கெட்ட இடிச்சிக்கினு வந்தியே, அது இன்னா?" என்று கேட்டான்.

அதற்கு மேல் அவனிடம் மறைக்க முடியவில்லை. உன்னிடமும்.

சுமித்ரா, என் கண் போய்க்கொண்டிருக்கிறது. தை மாதம் நான் திருப்பதிக்குப் போனது மலையேற அல்ல, கண் டாக்டரைப் பார்க்க. விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறதாம். நேரே இருப்பது தெரிகிறது. பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும் கட்டுப்படாது என்றார். இன்னும் எத்தனை நாள் தெரியும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வண்டியை விற்றதும் பெட்ரோல் விலைக்காக அல்ல. நீ நர்ஸ், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மிச்சமிருந்தது வீட்டுக் கம்ப்யூட்டர். இதற்கு என்ன வேலை என்று கோபி கேட்டபோது, இது பேச வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் அவன் சி.டி.க்களையே புரட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் உபுண்டு என்ற வகையைப் போட்டான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் அதிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இங்கிலீஷை நன்றாகப் படிக்கிறது. தமிழ்தான் மூக்கடைத்தவன் பேசுவது போல இருக்கிறது. மானிட்டரை அணைத்துவிட்டுப் பழகுகிறேன். இந்தக் கடிதமும் அப்படி அடித்ததுதான். திருத்தித் தரட்டுமா என்று கோபி கேட்டான், வேண்டாம் என்றேன். தப்பு இருந்தால் நீயே பார்த்துப் படித்துக்கொள்.

தொழிலை விட மாட்டேன். கடையும் நடக்கும். அதற்காக நீ பயப்பட வேண்டாம். ஆனால் நீ இரண்டு வருஷம் என்று சொன்னபோது எனக்குள் ஓடியதை எழுத மனம் வரவில்லை.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். போட்டாலும் வருத்தப்பட மாட்டேன். அதற்கு முன் ஒரு முறை லீவில் வா. பெங்களூரில் இறங்கினால் ராத்திரி வண்டி வேண்டாம், காலை வண்டியில் ஏறு. ஸ்டேஷனுக்குக் கோபியை அனுப்ப மாட்டேன், நானே வந்து நிற்பேன். நல்ல வெளிச்சத்தில் நீ இறங்கி நடந்து வருவதை நான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வந்து தோளைத் தொடாதே. எனக்கு நேரே வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
தமிழரசு