அடியில் போட்ட குறி

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். மாவு அரைக்கணும். கேஸ் பதியணும். தங்கைக்குப் போன்.

பதினொரு மணிக்கு கம்ப்யூட்டர் சென்டர் சார் கூப்பிட்டார். பாண்டிச்சேரி கம்பெனியில் எனக்கு வேலை. “உங்க ப்ராஜெக்ட் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதும்மா.”

என் ப்ராஜெக்ட்!

சாயங்காலம் வீட்டுக்காரர் ஜாங்கிரியோடு வந்தார். தெருவில் ஏழு வீடு. “பீங்கான் கம்பெனில கப்புக்குக் கைப்பிடி ஒட்டிக்கிட்டு இருந்தா, இப்ப ஐடி வேல” என்று ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு. பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நான், தலை நிமிராமல். எதிர்வீட்டு அக்கா, “பாரேன், பொண்ணு பாக்க வந்தாப்புல கூச்சப்படுறா” என்றாள். முப்பத்தேழு வயதில் என்ன கூச்சம். அவமானம்.

ஜூன் 4, புதன்

யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன்.

பஸ் நேரம் காட்டும் அந்த ப்ராஜெக்ட் மெர்சி செய்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் பெண், 23 வயது, வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. என்னுடையது ரேஷன் கடைப் பட்டியல். கடைசிவரை ஓடவில்லை, திரை முழுக்க சிவப்பாக எரர். “மாதிரிக்குப் பாத்துட்டு தரேன்” என்று அவளுடையதைப் பென்டிரைவில் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் தன் பஸ் வரும்வரை உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லியும் கொடுத்தாள்.

நிறத்தை மாற்றினேன். ஊர்ப் பெயர்களை மாற்றினேன். மேலே என் பெயர். அவள் இன்னும் திருத்திக்கொண்டிருந்தாள், நான் ஒரு நாள் முந்தி அனுப்பிவிட்டேன். இன்டர்வியூவில் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில். எல்லாம் அவள் சொல்லித் தந்த பதில்.

மண் தூசிக்குள் இனி போகாதே, மூச்சிரைப்பு முற்றும் என்றார் டாக்டர். அதனால்தான் இப்படிச் செய்தேன் என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். டாக்டர் திருடச் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

புழுக்கம். சர்டிபிகேட் வாங்க சென்டருக்கு. போகாமல் இருந்திருக்கலாம்.

சார் எல்லார் முன்னாலும் மெர்சியை நிற்க வைத்திருந்தார். “ரெண்டு ப்ராஜெக்ட் ஒண்ணு போல இருக்குதுன்னு கம்பெனில கேக்குறாங்க. முன்னாடி வந்தது வேற ஆளுது. காப்பி அடிக்கிறவங்க பேர இனிமே நான் எங்கியும் அனுப்ப மாட்டேன்.” யார் அந்த வேறு ஆள் என்று சொல்லவில்லை. அவள் மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாலு பேருக்குக் குடுத்தேன்க்கா. யாரு இப்புடிப் பண்ணாங்கன்னே தெரியல. நான் எழுதுனத நீங்க கூட இருந்து பாத்தீங்க இல்ல? சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாரு.”

சரி என்றேன். சொல்லவில்லை. சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் கத்திரிக்காய், கொத்துமல்லி.

ஜூன் 7, சனி

கூட வேலை செய்த அம்பிகா ஞாபகம். ஆறு வருஷம் இருக்கும்.

பீங்கான் கம்பெனியில், இன்னும் சுடாத பச்சைக் கப்பைத் துடைத்து முடித்ததும் அடியில் அவரவர் குறியைக் கீறி வைப்போம். என்னுடையது இரண்டு கோடு, ஒரு புள்ளி. சூளையிலிருந்து வந்தபின் நல்லதோ விரிசலோ, திருப்பிப் பார்த்தால் யார் கை என்று தெரிந்துவிடும். ஒரு நாள் அம்பிகாவுக்குக் கை ஓடவில்லை. நான் முடித்துப் பலகையில் அடுக்கியிருந்த கப்புகளில் ஈர ஸ்பாஞ்சால் என் குறியைத் துடைத்துவிட்டுத் தன் பெருக்கல் குறியைப் போட்டாள். துடைத்த தடம் பளபளவென்று தெரிந்தது.

விட்டேனா. “அடுத்தவ வேலையில உன் குறியப் போடுறியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?” என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. இத்தனை வருஷமும் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளாவது ஒரு பலகையோடு விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

வேலை கிடைத்ததற்கு அர்ச்சனை செய்ய வேண்டுமென்று வீட்டுக்காரர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அழைத்துப் போனார். முனியப்பர் வேலில் பிராதுச் சீட்டுகள் கொத்துக் கொத்தாக. ஏமாற்றினவன் மேல், நகை எடுத்தவன் மேல் எழுதிக் கட்டுவார்கள். என் மேல் நானே ஒன்று கட்டலாமா என்று நினைத்தேன். சாமிக்குச் சொல்வது சுலபம். சாருக்குச் சொல்வதுதான் கஷ்டம். கும்பிடக் கை வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. ஆனது ஆயிப் போச்சு. இது தெரிஞ்சா அடுத்த பேட்ச்ல ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கலாம். நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க.”

ஒரு நிமிஷம் நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு மெயில். நான்கு வரி. எழுதியது மெர்சி, பெயர் போட்டது நான், எனக்கு அந்த வேலை வேண்டாம், அவளைக் கூப்பிடுங்கள். அனுப்பியாகிவிட்டது. பதில் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஜாங்கிரி இரண்டு மிச்சம், எறும்பு மொய்த்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மேகமூட்டம். ஒன்பதரை பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணம். மெர்சி வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். பார்த்ததும் ஓடி வந்தாள். “வாங்கக்கா, வூடு சின்னதுக்கா, ஒக்காருங்க.” பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

“சார்கிட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன்.”

“எனக்குத் தெரியும், நீங்க சொல்லுவீங்கன்னு. யாரு அதுன்னு சொன்னாரா?”

“நான்தான் மெர்சி.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், பால் காயுமுன்பே அடுப்பை நிறுத்தினாள்.