என் உருளை நெவில் வீட்டில்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, எண்ணெய் நாள். காலையிலேயே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, சலவை அறையில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, கிழட்டுத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்தேன். முதல் உலகப் போரைப் பார்த்த வெப்ளி, ரஷ்யாக்காரன் நாகன், தந்தத்தைப் போல் மஞ்சளேறிய பிடியோடு டிரான்டர். எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், தேய்த்து மெருகேற்றக் கூடாது. நூற்றைம்பது வருஷப் பழுப்பைத் தேய்த்து எடுப்பவனை எங்கள் பழந்துப்பாக்கிக் கழகத்தில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

கடைசியில் என் செல்லம். கோல்ட் நேவி ரிவால்வர், தங்க வயல் காலத்தில் குதிரைப் படைக்காரன் இடுப்பில் தொங்கியது. உருளையைச் சுற்றிலும் கப்பல் சண்டை செதுக்கியிருக்கும். சட்டகத்தில் 7319, குழலில் 7319, விசைக் காப்பில் 7319, குழலைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஆப்பில்கூட 7319. உருளையில் மட்டும் 7352. எந்தத் தடியனோ படை முகாமில் இரண்டு துப்பாக்கியை ஒன்றாகப் பிரித்துப்போட்டுத் துடைத்து, மாற்றி மாட்டித் தொலைத்திருக்கிறான். அவன் எந்தக் கல்லறையில் இருந்தாலும் சரி, இன்றும் திட்டினேன்.

மதியம் ரொட்டி வாங்கப் போனபோது பார்த்தேன். நெவில் ட்ரெலோர் வீட்டு வேலியில் 'விற்பனைக்கு' பலகை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போகட்டும். எனக்கென்ன வந்தது?

ஆகஸ்ட் 6, புதன்

எனக்கென்ன வந்தது என்று எழுதிவிட்டு இரண்டு பல் செட்டைக் கோணலாகச் செய்திருக்கிறேன். முப்பது வருஷமாக நுல்லாவாரா ஊருக்கே பல் செட் செய்கிறவள், இன்றைக்குத் திருமதி ஹாக்கின்ஸுக்கு மேல் தாடையைக் கீழ் தாடையாக்கப் பார்த்தேன்.

கழகச் செயலாளர் மெர்வின் போனில் விவரம் சொன்னார். நெவில் டவுன்ஸ்வில்லில் இருக்கும் ஜோடி என்ற மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறானாம். அங்கே வெயிலும் மாம்பழமுமாக இருக்குமாம். துப்பாக்கிகள் எல்லாம் செப்டம்பர் கடைசியில் மெல்போர்ன் ஏலத்துக்கு. "அவனோட கோல்ட் நேவியுமா?" என்று கேட்டேன். "அதுதான் முதல்ல போகுது. எல்லா எண்ணும் பொருந்துற துப்பாக்கியாச்சே, விடுவாங்களா" என்றார்.

நெவில் முன்பு எங்கள் ஊர் மாட்டு வைத்தியன், என் நண்பனும்கூட. ஒன்பது வருஷத்துக்கு முன் நான் இந்தக் கோல்ட்டை வாங்கிய ஆசையில், கழகத்தில் எல்லார் முன்பாகவும் பிரித்து மேசையில் வைத்தேன். அவன் உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு சத்தமாக, "க்ளெனிஸ், இது துப்பாக்கியா, ஒட்டுப்போட்ட சட்டையா?" என்றான். கூடமே சிரித்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவனும் தன் பல் செட்டுக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குப் போக ஆரம்பித்தான். வைராக்கியத்தைப் பாருங்கள்!

ஆகஸ்ட் 16, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

இன்று கழகத்தின் காட்சி நாள். பௌல்ஸ் கிளப் கூடம், வெளியே சாசேஜ் வாட்டும் புகை, உள்ளே மெர்வின் மனைவி கொண்டுவந்த லாமிங்டன் கேக்குகள். நெவில் தன் கோல்ட்டை இத்தனை வருஷமும் மரப்பெட்டியில், பச்சைத் துணிப் பள்ளத்தில் பாதி புதைத்துத்தான் வைப்பான். யாரையும் தொட விடமாட்டான். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடக் கூடாதென்பது எங்கள் சட்டம், அதனால் அடிப்பக்கத்தை யாருமே பார்த்ததில்லை. இன்றைக்குப் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை. துப்பாக்கியைச் சின்ன முளைகளில் தூக்கி வைத்து, அடியில் நிலைக்கண்ணாடி வேறு. அலட்டல்!

எல்லாரும் சாசேஜுக்குப் போன நேரம் குனிந்து பார்த்தேன். நான் வாழ்நாள் முழுக்கப் பற்களைச் சின்னக் கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பார்த்தவள். கண்ணாடி எழுத்து எனக்குத் தாய்மொழி.

சட்டகத்தில் 7352. உருளையில் 7319.

அட பாவி. அட பாவி! பக்கத்தில் அட்டை: 'எல்லா எண்களும் பொருத்தம்'. எதுடா பொருத்தம்? என் உருளை உன் துப்பாக்கியில உக்காந்திருக்கு, உன் உருளை என் சலவை ரூம்ல இருக்கு! அந்தத் தடியன் பிரித்துப்போட்ட இரண்டு துப்பாக்கிகளும் இதே ஊரில், ஐந்து தெரு தள்ளி இருந்திருக்கின்றன.

நிமிர்ந்தால் நெவில் வாசலில் தக்காளிச் சாஸ் வழியும் ரொட்டியோடு நிற்கிறான். என்னைப் பார்த்தான், பேழையைப் பார்த்தான். "நல்லா வெளிச்சம் படுதில்ல?" என்றான். ஒன்பது வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான் ஒரு லாமிங்டனை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யோசித்தேன். மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. போய்க் கேட்டால் முடிந்தது.

ஆனால் கேட்பது யார்? எங்கள் கூட்டத்தில் முதலில் வாய் திறந்து கேட்டவன் தோற்றான் என்று அர்த்தம். வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் துருப்பிடித்த கத்தியைப் பாராட்ட வேண்டும். வானிலை பேச வேண்டும். மற்றவன் தாங்க முடியாமல், "என்னதான் வேணும் உனக்கு?" என்று கேட்கும்வரை. ஒரு வெப்ளிக்காக மெர்வின் ஓராண்டு ஒருவரோடு மீன் பிடிக்கப் போனார். அவருக்கு மீனே பிடிக்காது.

செப்டம்பர் முடிவதற்குள் வாங்க வேண்டும். ஏலத்துக்குப் போய்விட்டால் என் 7319 பிறகு எந்தக் கண்டத்துக்குப் போகுமோ, நான் கண்ணால் பார்க்க முடியாது.

ஆகஸ்ட் 23, சனி

போனேன். எலுமிச்சை கேக் துண்டுகள் செய்து எடுத்துக்கொண்டு போனேன். "வழியனுப்ப வந்தேன்" என்றேன்.

"அடேங்கப்பா, அம்மணிக்கு வழி தெரியுதே" என்றான். உள்ளே பாதி வீடு அட்டைப்பெட்டியில் இருந்தது. அவனுடைய பழைய நாற்காலி, பூனை, மாட்டு ஊசிகள் தொங்கும் சுவர், எல்லாம் அப்படியே. தேநீர் போட்டான். எனக்கு இரண்டு சர்க்கரை என்பதை மறக்கவில்லை.

பேசினோம், பேசினோம். மழை. இந்த வருஷம் மேக்பை பறவைகள் சீக்கிரமே ஆட்களின் தலையைக் கொத்த ஆரம்பித்துவிட்டன என்பது. கால்பந்து. அவன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் பீரங்கிக் குண்டை வாய்நிறையப் பாராட்டினேன். அவனும் சளைக்காமல், "உன் செருப்பு நல்லாருக்கு" என்றான். கோல்ட் என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. கல்லுளிமங்கன்!

வாசலில் நிறுத்தி, "வேற எதாச்சும் கேக்கணுமா க்ளென்?" என்றான்.

"இல்லையே. உனக்கு?"

"எனக்கு என்ன? ஒண்ணுமில்ல."

எலுமிச்சைத் துண்டு வைத்த தட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நல்ல தட்டு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தட்டைக் கேட்டாவது போகலாம். போகமாட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பட்டறையில் அச்சு ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நெவில், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு. மேசையில் என் தட்டை வைத்தான், கழுவியிருந்தான். தட்டின் மேல் அவன் மேல் பல் செட், இரண்டு துண்டாக.

"எப்படி உடைஞ்சுது?"

"தோஸ்த் தின்னுறப்ப," என்றான். டோஸ்டாம். பல்லில்லாமல் கன்னம் உள்ளே போய், பூனை நக்கிய பால்கிண்ணம் மாதிரி இருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

டோஸ்டில் உடையும் செட் நடுவில் கோடு போட்டாற்போல் விரிசல் விடும். இது ஓரத்தில் அடி வாங்கியிருக்கிறது. வட்டமாக ஒரு தழும்பு, அதில் மரத்தூள். துப்பாக்கியின் ஆப்பைத் தட்டி எடுக்க நாங்கள் வைத்திருக்கும் குட்டி மரச்சுத்தியல்!

"நெவ், நீயேதான் இதை உடைச்சியா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"யோவ், உன்னைத்தான் கேக்குறேன்!"

"நீதான் எதையும் கேக்க மாட்டேங்கிறியே," என்றான். பல் இல்லாததால் காற்றும் கோபமுமாக வந்தது. "அடியில கண்ணாடி வெச்சா எண் தெரியும்னு எனக்குத் தெரியாதா? அம்பது வருசமா துப்பாக்கி பாக்குறவன். கிளப்புல கண்ணாடி எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். உனக்காகத்தான் வெச்சேன்!"

"அப்ப அன்னைக்கே தெரியுமா? என் துப்பாக்கிய ஒட்டுப்போட்ட சட்டைன்னு சொன்ன அன்னைக்கே?"

"உருளையைக் கையில எடுத்ததும் தெரிஞ்சுது. என் நம்பர். எல்லாம் பொருத்தம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தவன் நான். உண்மை வெளிய வந்துடுமோன்னு பயம். வாயில வந்ததை உளறிட்டேன். அப்புறம் நீ பேசவே இல்ல."

ஒன்பது வருஷம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பல் செட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். "சனிக்கிழமை தரேன். அதுவரைக்கும் கஞ்சி குடி" என்றேன். வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே போனான், மேல் தாடையில் ஒரு பல்கூட இல்லாமல்.

நானும்தான் சிரித்தேன். அவன் போன பிறகு.

செப்டம்பர் 6, சனி

புதிதாகச் செய்த பல் செட்டையும், பூட்டிய பெட்டியில் என் கோல்ட்டையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். "ஒன்பது வருசமா அந்த ஆளு செஞ்சது குதிரைக்கு" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சமையலறை மேசையில் கம்பளி விரித்தோம். கையுறை போட்டோம். இரண்டு துப்பாக்கியும் காலியென்று ஒருவருக்கொருவர் காட்டினோம். அவன் தட்ட, நான் தட்ட, ஆப்புகள் நகர்ந்து வெளியே வந்தன. குழல்கள் கழன்றன. கம்பளியில் இரண்டு உருளைகள், பக்கத்துப் பக்கத்தில். என்னுடையதை நான் எடுத்தேன். உள்ளங்கையில் குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. கப்பல்கள் என் துப்பாக்கியில் இருப்பதைவிடத் தெளிவு. கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மாட்டினோம். 7319 எல்லா இடத்திலும். 7352 எல்லா இடத்திலும். நூற்றைம்பது வருஷக் கணக்கு நேரானது.

"சுத்திப் பாரு," என்றான்.

பின்பக்கக் கொக்கியைப் பாதி இழுத்து வைத்து உருளையை மெதுவாகச் சுற்றினேன். கர்ரக். நின்றது. தள்ளினால் நகர்கிறது, பிறகு மறுபடி கர்ரக். அவனுடையதும் அப்படியே. என் துப்பாக்கி என்றைக்கும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி சுற்றும். இருட்டில்கூட அந்த டிக் டிக்கைக் கேட்டால் என்னுடையதென்று சொல்வேன்.

நெவில் கழற்றி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான். "உருளையோட பல்லு தேஞ்சிருக்கு. உன் துப்பாக்கி என் உருளையோடவே உரசி உரசிப் பழகிடுச்சு. என்னதும் அப்படித்தான். இப்ப ஒண்ணையொண்ணு தெரியாதுங்குது."

பூனை வந்து கம்பளியில் படுத்தது. பிறகு அவன்தான் சொன்னான்: "பழையபடியே போட்டுடலாமா?"

போட்டோம். சுற்றினோம். டிக், டிக், டிக். எண் தப்பு, ஓட்டம் சரி.

"ஏலத்துக்காரன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். விலை பாதியாகும். போகட்டும்," என்றான். "உன் நம்பரு மெல்போர்ன் போகும். உனக்கு வருத்தமில்லையே?"

"என் நம்பர் எங்க வேணா போகட்டும். நீ போகாத நெவ்."

நான் அதைச் சொல்ல வரவில்லை. சத்தியமாக அதைச் சொல்ல வரவில்லை! வாயிலிருந்து தானாக வந்து மேசையில் விழுந்துவிட்டது.

அவன் கையுறையை ஒவ்வொரு விரலாக, நிதானமாகக் கழற்றினான். வாயெல்லாம் பல், அதுவும் நான் செய்த பல்.

"நீதான் முதல்ல கேட்ட," என்றான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எங்கள் ஊரில் இன்று தந்தையர் தினம். ஜோடி அவனுக்குப் போன் செய்தாளாம். எனக்கும் செய்தாள். "கண்ணாடிப் பெட்டிக்கு ஐடியா குடுத்ததே நான்தான் ஆன்டி. எங்க வீட்ல அப்பாவோட துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டிய வைக்க இடமே இல்ல" என்றாள். கெட்டிக்காரப் பெண்.

செப்டம்பர் 19, வெள்ளி

வேலியிலிருந்த பலகையில் 'விற்றாகிவிட்டது' என்று ஒட்டிவிட்டார்கள். ஏலக்காரன் வெறும் வண்டியோடு மெல்போர்ன் திரும்பினான். நெவில் எங்கே இருப்பானென்று மெர்வின் கேட்டார். மழை வரும்போல் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் ஞாயிறு, எண்ணெய் நாள்.

கால்பந்துக் குழுப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து என் சலவை அறையில் தூக்கி வைத்த நெவிலின் பெட்டி அசையவே மாட்டேன் என்கிறது. போன வாரம் துப்பாக்கிச் சோதனைக்கு வந்த போலீஸ்காரம்மா போல்ட்டுகளை அசைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் பெட்டியும் ஒரே ரூம்லயா? துணி எங்க துவைப்பீங்க?" என்று கேட்டாள்.

துணி துவைக்கும் இயந்திரம் இப்போது பின்வாசல் வராந்தாவில் இருக்கிறது. மழை பெய்தால் நனைகிறது. நெவில் அதற்குத் தார்ப்பாய் கட்டுகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்கிறான்.

இரண்டு கோல்ட்டுகளும் கண்ணாடி வைத்த அந்தப் பேழையில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. அட்டையை நான் புதிதாக எழுதினேன்: 'எண்கள் பொருந்தாது. பிரித்து விற்பதற்கில்லை.' முதலில் கேட்டது யார் என்ற சண்டை இன்று காலையும் நடந்தது. கண்ணாடி வைத்தது கேட்டதாகாது என்கிறான். பல்லை உடைத்துக்கொண்டது? அதைக் கேட்டதும் தார்ப்பாயைத் தேட எழுந்து போய்விட்டான்.