உன் ரோடும் எங்கள் பாலமும்

அக்கா,

கொடியில் கிடக்கிற புடவையில் இன்னும் தார் வாசனை வருகிறது. நேற்று உன் ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையைத் தாண்டி, மழை நாளில் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அந்தச் செம்மண் சரிவில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா சித்தி, அம்மா கேட்ட ரோடு" என்றாள். உன்னைக் கண்ணெதிரே பறிகொடுத்தவள் நான், அந்தப் புது ரோட்டின் ஓரத்தில் குனிந்து தாரைத் தொட்டுப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் புதிதாக ஜெயித்த ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி நடந்ததே, அங்கேதான் நாம் பழகினோம். மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம் என்று சொன்னதும், "உங்களுக்கு இன்னாம்மா குறைச்சல்? பெரிய ரோடே வாசல்ல போவுது" என்றாய்.

"ரோடு போவுதுக்கா. நாங்கதான் அந்தாண்ட போவ முடியல."

பாதி ஊர் சாலைக்கு இந்தப் பக்கம்; பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மறுபக்கம். நடுத்தடுப்பில் யாரோ உடைத்து வைத்த சந்து வழியாகத்தான் பிள்ளைகள் ஓடிக் கடக்கிறார்கள் என்று சொன்னேன். நீ சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாய். "எங்களுக்கு ரோடு இல்லாம கஷ்டம், உங்களுக்கு ரோடு வந்து கஷ்டமா?" என்று கேட்டாய். கேட்ட பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை.

அதன் பிறகு நான் மலைக்கு வருவதும், நீ கீழே இறங்கி வருவதுமாக இருந்தோம். ஒரு தரம் நான் வந்திருந்தபோது, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைப் போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள். நீ முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கிக்கொண்டே போனாய். அதைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்க் கஷ்டத்தை உன்னிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ விடவில்லை. "ஒங் கஷ்டம் ஒனக்கு. அதச் சொல்லு" என்பாய்.

சாலை வேலைகளுக்கு நிதி ஒதுக்குவது பற்றிக் கள்ளக்குறிச்சியில் கூட்டம் போட்டார்களே, அன்றைக்கு நீ வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. முதலில் பேசியவர் ஒரு அரிசி ஆலை முதலாளி. "வரி கட்றது நாம. பாலம், மெட்ரோ எல்லாம் சென்னைக்கு. கம்பெனியெல்லாம் கோயம்புத்தூர் பக்கம். நம்ம மாவட்டத்த எவன் கேக்கறான்?" என்றார். மண்டபமே கைதட்டியது. எல்லோரையும் விட நீதான் பலமாகத் தட்டினாய். "நல்லா கேட்டாரு, இல்ல?" என்று என்னை இடித்தாய்.

பிறகு அதிகாரி எழுந்தார். மலை ரோடு, எங்கள் ஊருக்கு நடைமேம்பாலம், இரண்டில் ஒன்றைத்தான் இந்த வருஷம் முதலில் வைக்க முடியும் என்றார். அதே முதலாளி மறுபடி எழுந்தார். "மலையில இன்னா சார் வருமானம் வருது? வரி வர்ற எடத்துல செலவு பண்ணுங்க. அங்க ரோடு போட்டா ஆடு மாடுதான் நடக்கும்." அதற்கும் அதே கைகள் தட்டின. என்னோடு வேனில் வந்த எங்கள் ஊர்க்காரர்களும் தட்டினார்கள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். சற்று முன் அவருக்காகத் தட்டிய உன் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

மைக் வரும்வரை நீ காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, "ஐயா, சென்னைக்காரங்க நம்மள கேக்கலன்னு இப்பதான சொன்னீங்க? நீங்க எங்கள கேட்டீங்களா?" என்றாய். "நாங்க சோப்பு வாங்கலியா, போனுக்குக் காசு போடலியா? மலைக்காரின்னு எந்தக் கடையில எனக்கு வரிய கம்மி பண்ணாங்க?" பிறகு குரலை இறக்கி அதிகாரியிடம் சொன்னாய்: "எங்களுக்கும் ரோடு போடுங்க சார், இந்தத் தங்கச்சி ஊருக்கும் பாலம் கட்டுங்க. ஒண்ண எடுத்துக்கினு ஒண்ண வுடுன்னு எங்கள மோத வுடாதீங்க."

இருக்கிற சாலையைக் கடப்பதற்கு முன்னால், சாலையே இல்லாத ஊரைப் பார்க்க வேண்டும் என்று மலை ரோட்டை முதலில் வைத்தார்கள். வேனில் திரும்பி வரும்போது எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்த ஆடியில் எங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். மதியம் பஸ் உன்னைச் சாலையின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. இடுப்பில் ஒரு பலாப்பழம். நான் இந்தப் பக்கத்திலிருந்து, "நில்லுக்கா, நான் வந்து கூட்டிக்கினு வரேன்" என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் உனக்குக் கேட்டதா, தெரியாது. "நீ ஏன் வெயில்ல வர்ற? அங்கயே இரு" என்பது போலக் கையைக் காட்டினாய். நடுத்தடுப்புச் சந்து வரை வந்துவிட்டாய். அங்கே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். லாரி போனதும் காலை எடுத்து வைத்தாய். லாரிக்குப் பின்னால் கார் வந்ததை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அக்கா, அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மலையில் உனக்கு என்னவாகுமோ என்றுதான் நான் எப்போதும் பயந்தேன். பாம்பு, காட்டாறு, மண்சரிவு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்திருக்கிறேன். பட்டப்பகலில், கண்ணாடி மாதிரி கிடக்கிற சாலையில், எனக்கு எதிரே இப்படி நடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் ஊரே சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது. அடுத்த கூட்டத்தை உடனே கூட்டினார்கள். ஆலை முதலாளி எழுந்து, உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு, "அந்தம்மா போனதே இந்த ரோட்டுலதான். மலை ரோட்டுப் பணத்த இந்தப் பாலத்துக்குத் திருப்பிடுங்க. பாலத்துக்கு அவங்க பேரையே வைக்கலாம்" என்றார்.

கைதட்டினார்கள், அக்கா. கடைசி வரிசையில் உன் மகளும் உன் ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உன் சாவைக் காட்டியே உன் ரோட்டைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "உங்க ஊர் பாலம்தானம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் கணவரும் அங்கே இருந்தார்.

"பாலம் வேணும் சார். ஆனா அவங்க ரோட்டுப் பணத்துல வேணாம்" என்றேன். "செத்தவங்க கேட்டத எடுத்துக்கினு, அவங்க பேர எங்களுக்குக் குடுக்காதீங்க."

மண்டபத்தில் சத்தம் எழுந்தது. வெளியே வந்ததும் என் கணவர், "நீ நம்ம ஊருக்குத் தலைவரா, மலைக்குத் தலைவரா?" என்று கேட்டார். அவருக்கும் வயதான அம்மா இருக்கிறார். அந்தச் சந்து வழியாகத்தான் ரேஷனுக்குப் போகிறார். அவர் கேட்டதில் தப்பில்லை.

மலை ரோட்டுப் பணத்தை அவர்கள் திருப்பவில்லை; உன் ரோடு வந்துவிட்டது. எங்கள் பாலம் வரவில்லை. அடுத்த நிதியில் பார்க்கலாம் என்கிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில் நானும் இன்னும் சில பெண்களும் சந்தில் நின்று, வண்டிகளைக் கை காட்டி நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க விடுகிறோம். ஹார்ன் சத்தம் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். நாளைக்கே எங்கள் பிள்ளை ஒன்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் சொன்ன வார்த்தையை என்ன செய்வேன்? ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து பாலம் கேட்கிறேன். யார் பங்கிலிருந்தும் பிடுங்காமல் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் எனக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியவர், "தள்ளி நில்லுங்கப்பா, மலைக்காரி வருது" என்றார். குத்திக் காட்டத்தான் சொன்னார். நான்கு பேர் சிரித்தார்கள்.

நான் திரும்பி, "இன்னாங்க, சொல்லுங்க" என்றேன்.